சுவிட்ச் லாக்: லெவல் 4 வைத்தால் போதுமா?

மே 9, இரவு 10:40 (கேள்வி)

அண்ணாச்சி, தென்காசிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்து நெட்வொர்க் என் பொறுப்பில் இருக்கிறது. எல்லாம் சிஸ்கோ 2960 சுவிட்ச். லாகை, அதாவது சுவிட்ச் தனக்கு நடப்பதை எழுதிவைக்கும் வரிகளை, ஒரு பழைய பிசிக்கு அனுப்பிப் பார்த்தேன். பொழுது விடிவதற்குள் ஃபைல் வீங்கிப்போய் நிற்கிறது, பூராவும் லிங்க் அப், லிங்க் டவுன். லெவலை 4இல், வார்னிங்கோடு நிறுத்திவிட்டால் முக்கியமானது மட்டும் வரும், மிச்சமெல்லாம் குப்பை என்பது என் கட்சி. மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.

மே 10, காலை 7:15

மறுக்கிறேன். 4இல் நிறுத்தினால் நீங்கள் குப்பை என்று சொல்வது அப்படியே வந்துகொண்டிருக்கும். தேவையானதுதான் நின்றுபோகும்.

அந்தச் சுவிட்சில் ஒரு போர்ட் விழுந்தால் இரண்டு வரி வருகிறது. முதலில் %லைன்ப்ரோட்டோ-5-அப்டவுன், பின்னாலேயே %லிங்க்-3-அப்டவுன். நடுவில் நிற்கிற எண்தான் லெவல். 0 என்றால் எமர்ஜென்சி, 7 என்றால் டீபக். எண் குறையக் குறைய விஷயம் பெரிது என்று கணக்கு. அந்தக் கணக்குப்படி, சாயங்காலம் டீச்சர் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போவது லெவல் 3, எரர். ஒருவர் உள்ளே நுழைந்து கான்ஃபிக்கை (சுவிட்சின் அமைப்பை) மாற்றுவது %சிஸ்-5-கான்ஃபிக்_ஐ, வெறும் நோட்டிஸ். சுவிட்ச் செத்துப் பிழைத்து எழுந்திருப்பது %சிஸ்-5-ரீஸ்டார்ட், அதுவும் நோட்டிஸ்தான். பிஓஇ கேமராவுக்கு (நெட்வொர்க் கேபிளிலேயே கரண்ட் வாங்கும் ரகம்) கரண்ட் கொடுத்தது 5. லாகின் பதிவு போட்டிருந்தால், தோற்ற லாகின் 4, ஜெயித்த லாகின் 5.

இப்போது 4இல் கோடு போட்டுப் பாருங்கள். டீச்சர் வீட்டுக்குப் போனது தெரியும். பாஸ்வேர்டு தெரிந்த ஒருவன் வந்து விலானை (சுவிட்சுக்குள் பிரித்து வைத்த தனி நெட்வொர்க்கை) மாற்றிவிட்டுப் போனது தெரியாது.

இந்த 0 முதல் 7 வரையிலான அளவுகோல் 1980களில் எரிக் ஆல்மன், சென்ட்மெயில் என்ற மெயில் மென்பொருளோடு சேர்த்து எழுதிய சிஸ்லாக் என்ற லாக் முறையில் இருந்து வந்தது. பெட்டிக்குள் ஓடும் மென்பொருள் தன் கண்ணுக்கு எது பெரிது என்று சொல்கிறது, அவ்வளவுதான். உங்கள் பள்ளிக்கூடத்துக்கு எது பெரிது என்று அதற்கு எப்படித் தெரியும்? லெவலை விடுங்கள் தம்பி, நேரத்தைப் படியுங்கள். எது, எப்போது, எதற்கு அப்புறம், எத்தனை நேரம் கழித்துத் திரும்ப. லாகில் விஷயம் அங்கேதான் இருக்கிறது.

மே 10, காலை 7:50

ஃபைல் வீங்குவதற்கு வழி: லெவலைத் தொடாமல், லேப், ஸ்டாஃப் ரூம் போர்ட்டுகளில் மட்டும் 'நோ லாகிங் ஈவன்ட் லிங்க்-ஸ்டேட்டஸ்' போடுங்கள். அப்லிங்க் (அடுத்த சுவிட்சுக்குப் போவது), கேமரா, வைஃபை ஆக்சஸ் பாயின்ட், சர்வர் போர்ட்டுகளை அப்படியே விடுங்கள். ஃபைல் நன்றாக இளைத்துவிடும்.

கன்சோலுக்கு (சுவிட்சில் நேரடியாகக் கேபிள் மாட்டிப் பார்க்கிற வாசலுக்கு) போகிற லாகையும் நிறுத்திவிடலாம், 'நோ லாகிங் கன்சோல்'. அது 9600 வேகத்தில் ஒவ்வொரு எழுத்தாகத் துப்பிக்கொண்டிருக்கும். லூப் (கேபிள் வட்டமாகிப் பாக்கெட் சுற்றிச் சுற்றி வருவது) வந்து லாக் கொட்டுகிற சமயத்தில் சுவிட்சே திணறும்.

மே 10, இரவு 9:30

லெவலை விட்டு நேரத்தைப் படியுங்கள் என்றேனே, அதற்கு, செங்கோட்டைக்கு இந்தப் பக்கம் பிரானூர் பார்டரில் நடந்த ஒரு விஷயம்.

அங்கே ரோட்டின் இரு பக்கமும் மர அறுவை மில்கள். ஒரு மில்லில் மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் பில்லிங் தொங்குகிறது என்று புகார். ஆபீசில் இருந்து ஷெட்டுக்கு ஃபைபர், ஷெட்டில் ஒரு சுவிட்ச், அதில் எடைமேடை பிசியும் கேமராக்களும். இன்டர்நெட்காரரைத் திட்டியாகிவிட்டது, ரவுட்டரை மாற்றியாகிவிட்டது. ஷெட் சுவிட்சில் 'ஷோ லாகிங்' அடித்தால் துடைத்து வைத்த மாதிரி சுத்தமாக இருக்கிறது. எனக்கு அந்தச் சுத்தமே சந்தேகம். சுவிட்ச் தன்னிடமே லாக் வைத்துக்கொள்ளும் பஃபர் இருப்பது ராமில். பல மாடல்களில் டீஃபால்ட் அளவு 4096 பைட், சுமார் நாற்பது வரிக்குத்தான் இடம். சுவிட்ச் ரீஸ்டார்ட் ஆனால் அதுவும் போய்விடும். 'ஷோ வெர்ஷன்' அடித்து அப்டைம் பார்த்தால், மத்தியானத்தில் இருந்துதான் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஆபீஸ் சுவிட்ச் விழவில்லை. அதன் லாக் கலெக்டரில் (லாகை வாங்கிச் சேர்த்து வைக்கும் பிசியில்) பத்திரமாக இருந்தது. ஷெட்டுக்குப் போகும் போர்ட் 24, மத்தியானம் 2:03க்கு டவுன், 2:06க்கு அப். அதற்கு முந்தின நாள் 2:01, 2:04. ஞாயிற்றுக்கிழமை ஒன்றுமே இல்லை. காலை 8 மணிவாக்கிலும் இதே மாதிரி ஒரு ஜோடி இருந்தது, அந்நேரம் பில் போட ஆள் வராததால் யாரும் புகார் சொல்லவில்லை. ஃபைபர் கெட்டால் ஞாயிற்றுக்கிழமை லீவு எடுத்துக்கொள்ளாது. அந்த மூன்று நிமிஷம் அந்தச் சுவிட்ச் பூட் ஆகி எழுந்திருக்கிற நேரம்.

அடுத்த நாள் இரண்டு மணிக்கு ஷெட்டில் போய் நின்றேன். சாப்பாடு முடிந்து மேஸ்திரி பேண்ட் சாவின் ஸ்டார்ட்டரைத் தட்டினார். டியூப் லைட் ஒரு தரம் மங்கியது, சுவிட்சில் பச்சை விளக்கெல்லாம் அணைந்து முதலில் இருந்து எரிய ஆரம்பித்தது. நேரடியாக ஸ்டார்ட் செய்கிற பெரிய மோட்டார், ஓடும்போது இழுப்பதைப் போல 5 முதல் 7 மடங்கு கரண்டைக் கிளம்பும்போது இழுக்கும். வோல்டேஜ் தொய்ந்துவிடும். சுவிட்சின் பிளக் யூபிஎஸ் போர்டில் இல்லை. போன் சார்ஜர் போட யாரோ கழற்றி, டியூப் லைட் லைனில் இருக்கிற எக்ஸ்டென்ஷன் பாக்சில் சொருகியிருக்கிறார்கள்.

பிளக்கை மாற்றியதோடு புகார் தீர்ந்தது.

மே 11, காலை 6:50

நேரம் சரியாக இருந்ததால்தான் அந்த மில் விஷயம் பிடிபட்டது. அதனால் சிஸ்லாக் சர்வர் முகவரி போடுவதற்கு முன்னாலேயே மூன்று வேலையை முடித்துவிடுங்கள்.

'க்ளாக் டைம்ஸோன் ஐஎஸ்டி 5 30'. அந்த 30ஐ விட்டுவிட்டால் எல்லா வரியும் அரை மணி நேரம் தள்ளி நிற்கும். சிசிடிவி ஓட்டிப் பார்த்து லாகோடு ஒப்பிடும்போது மண்டை காயும்.

'என்டிபி சர்வர்', அதாவது நெட்வொர்க் வழியாக நேரம் சொல்கிற சர்வர், ஒன்றுக்கு இரண்டாக.

'சர்வீஸ் டைம்ஸ்டாம்ப்ஸ் லாக் டேட்டைம் எம்செக் லோக்கல்டைம் ஷோ-டைம்ஸோன்'. இது இல்லாவிட்டால் சில பழைய கான்ஃபிக்குகளில் தேதிக்குப் பதில் பூட் ஆகி எவ்வளவு நேரம் என்று மட்டும் வரும்.

அப்புறம் வரியின் முதல் எழுத்தைப் பாருங்கள். நேரத்துக்கு முன்னால் ஒரு நட்சத்திரக் குறி இருந்தால், அந்த நேரத்தை சுவிட்சே நம்பவில்லை என்று பொருள். ஒரு புள்ளி இருந்தால், முன்பு என்டிபியோடு ஒட்டியிருந்தது, இப்போது தொடர்பு விட்டுப்போயிருக்கிறது. ஒன்றும் இல்லாவிட்டால் நம்பலாம். 2960 மாதிரி உள்ளே பேட்டரி க்ளாக் இல்லாத பெட்டிகள் ஒவ்வொரு பூட்டிலும் 1993 மார்ச் 1 நள்ளிரவில் இருந்து எண்ணத் தொடங்கும். ஐஎஸ்டி போட்டிருந்தால் அதுவே மார்ச் 1, 05:30 சொச்சம் என்று தெரியும். அக்டோபர் மாதத்து ஃபைலுக்கு நடுவில் நட்சத்திரக் குறியோடு மார்ச் 1 காலை ஐந்தரை மணி வரி ஒன்று கிடந்தால், அந்த இடத்தில் சுவிட்ச் பூட் ஆகியிருக்கிறது.

மே 11, மதியம் 1:20

கலெக்டருக்கு ராஸ்பெர்ரி பை (கையடக்கக் கம்ப்யூட்டர்) போதுமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். வேலைக்குப் போதும். ஆனால் பை 4 வரைக்கும் அதிலும் பேட்டரி க்ளாக் கிடையாது. கரண்டும் இன்டர்நெட்டும் ஒன்றாகப் போய், கரண்ட் மட்டும் முதலில் வந்தால் சுவிட்சுக்கும் நேரம் தெரியாது, பைக்கும் தெரியாது. நம் ஊரில் காற்றுக் காலத்தில் இது சாதாரணம். ஒரு டிஎஸ்3231 க்ளாக் மாட்யூல் வாங்கிச் சொருகுங்கள். இல்லாவிட்டால் சிமாஸ் பேட்டரி நல்லதாக உள்ள பழைய பிசியே மேல். எஸ்டி கார்டில் ராப்பகலாக லாக் எழுதுவதும் எனக்குப் பிடிக்காது.

மே 14, இரவு 11:05

4 போதாது, 5 வரைக்கும் வேண்டும் என்பது என் கணக்காக இருந்தது. இரண்டு நாளாக யோசித்ததில், வெளியே அனுப்புகிற லாகுக்கு 6 வைப்பதுதான் சரி என்று படுகிறது. 'லாகிங் ட்ராப் இன்ஃபர்மேஷனல்', டீஃபால்ட்டும் அதுதான்.

காரணம் இது. சுவிட்ச் பூட் ஆனதும் %சிஸ்-5-ரீஸ்டார்ட் வரியை உடனே அனுப்பப் பார்க்கும். அந்த நேரத்தில் அப்லிங்க் இன்னும் திறந்திருக்காது. பழைய ஸ்பானிங் ட்ரீயாக (லூப் வராமல் காக்கிற முறை) இருந்தால் லிசனிங் 15 வினாடி, லேர்னிங் 15 வினாடி, ஆக 30 வினாடி கதவு சாத்தியே இருக்கும். சிஸ்லாக் போவது யூடிபி 514இல். போய்ச் சேர்ந்ததா என்று அது பார்க்காது, திரும்ப அனுப்பாது. ஆக, முக்கியமான அந்த வரிதான் வழியில் தொலைகிறது. கொஞ்சம் பிந்தி வருகிற %சிஸ்-6-லாகிங்ஹோஸ்ட்_ஸ்டார்ட்ஸ்டாப் என்ற வரி கைக்கு வந்து சேர அதைவிட வாய்ப்பு அதிகம். அது லெவல் 6.

கூடவே 'சர்வீஸ் சீக்வென்ஸ்-நம்பர்ஸ்' போட்டுவிடுங்கள். ஒவ்வொரு வரிக்கும் வரிசை எண் வரும். 000412க்கு அப்புறம் 000419 வந்தால் நடுவில் ஆறு வரி தொலைந்திருக்கிறது. 000412க்கு அப்புறம் 000009 வந்தால் சுவிட்ச் விழுந்து எழுந்திருக்கிறது. ரீஸ்டார்ட் வரியே வராமல் ரீஸ்டார்ட் தெரிந்துவிடும்.

மே 19, மாலை 6:30

புனலூரில் இருந்து ஒரு சேட்டன் தமிழும் மலையாளமும் கலந்து போனில் கேட்டார். மலைக்கு இந்தப் பக்கம் செங்கோட்டையில் டிப்போ, அந்தப் பக்கம் புனலூரில் கிளை, ஆரியங்காவு வழியாக ஃபைபர். லாக் சர்வர் செங்கோட்டையில். 'லிங்க் போகிறது, திரும்ப வருகிறது, ஆனால் லிங்க் போனதாகப் புனலூர் சுவிட்சில் இருந்து ஒரு வரிகூட உங்கள் சர்வருக்கு வரவில்லையே. லிங்க் வந்த வரி மட்டும் இருக்கிறதே?'

வராது. அறுந்துபோன பாதை வழியாகத்தான் அறுந்த செய்தியும் போக வேண்டும். அனுப்பிய அந்த வரி காற்றில் போய்விட்டது. ஆனால் புனலூர் சுவிட்சின் சொந்த பஃபரில் அது இருக்கும், சுவிட்ச் ரீஸ்டார்ட் ஆகாமல் இருந்தால். அதனால்தான் பஃபரை 4096இல் விடாமல் 'லாகிங் பஃபர்டு 65536' என்று பெரிதாக்கச் சொல்கிறேன். செங்கோட்டை முனையின் சுவிட்சும் அதே லிங்க் விழுந்ததைத் தன் பக்கத்தில் இருந்து எழுதும், அது நம் சர்வருக்கு வரும். இரண்டு முனையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும்.

அப்படிப் படித்ததில் ஒன்று தெரிந்தது. இந்த முனையில் போர்ட் விழவே இல்லாமல், அந்த முனையில் மட்டும் விழுந்து எழுகிற நேரங்கள் இருந்தன. நடுவில் ஃபைபரை எதர்நெட்டாக்குகிற மீடியா கன்வர்ட்டர் இருக்கிறது. ஃபைபர் போனாலும் செம்பு பக்கத்து விளக்கு எரிந்துகொண்டேயிருக்கும் ரகம் இங்கே, அந்த முனையில் வேறு ரகம். லாகில் ஒரு பக்கம் மௌனம் என்றால் அந்தப் பக்கம் நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

சேட்டனிடம் அங்கேயும் ஒரு பழைய பிசியைக் கலெக்டராக வைக்கச் சொன்னேன். 'லாகிங் ஹோஸ்ட்' இரண்டு வரி போட்டால் சுவிட்ச் இருவருக்கும் அனுப்பும்.

மே 20, காலை 8:00

மேலே சொன்னதோடு இது: சுவிட்ச் முழுக்கச் செத்தால் லாக் ஒன்றும் சொல்லாது. சாகிறவன் கடிதம் எழுதிவிட்டுப் போவதில்லை. பிங்கோ (இருக்கிறாயா என்று கேட்பது), எஸ்என்எம்பியோ (சுவிட்சின் நிலவரத்தைக் கேட்டு வாங்குவது) தனியாக வைத்து, பதில் வராவிட்டால் மணி அடிக்க ஏற்பாடு செய்யுங்கள். லாக் மட்டும் போதும் என்று நான் சொன்னதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஜூன் 12, மாலை 5:15

பள்ளிக்கூடம் திறந்துவிட்டது, தம்பி லேபில் இருந்து ஒரு துண்டு லாக் அனுப்பியிருக்கிறார். %ஸ்பான்ட்ரீ-2-பிளாக்_பிபிடியுகார்டு, அடுத்து %பிஎம்-4-எர்_டிசேபிள். வரக் கூடாத ஸ்பானிங் ட்ரீ பாக்கெட் வந்ததால் போர்ட்டை சுவிட்ச் மூடிவிட்டது என்று பொருள். 10:12, 10:17, 10:22, 10:27. பள்ளி முடியும் வரை இப்படியே.

இதில் பார்க்க வேண்டியது ஐந்து நிமிஷ இடைவெளி. மனிதன் எதையும் இவ்வளவு ஒழுங்காகச் செய்ய மாட்டான். மூடிய போர்ட்டைத் தானே திறக்கிற எர்டிசேபிள் ரெக்கவரியின் டீஃபால்ட் 300 வினாடி. போர்ட்டை சுவிட்ச் தானே திறந்துவிடுகிறது, லூப் இன்னும் இருக்கிறது, திரும்ப மூடுகிறது. மேஜைக்கடியில் கேபிளின் இரண்டு முனையையும் ஒரே சின்ன சுவிட்சில் மாட்டியிருப்பார்கள், இல்லாவிட்டால் சுவரில் உள்ள இரண்டு பாயின்ட்டிலும் அதையே சொருகியிருப்பார்கள். போய்க் குனிந்து பாருங்கள்.

ரெக்கவரி இல்லாமல் இருந்திருந்தால் ஒரே ஒரு தரம் வந்து நின்றிருக்கும். கூட்டத்தில் அது கண்ணில் படாமலும் போயிருக்கலாம். அதனால் ரெக்கவரியை எடுக்கச் சொல்ல மாட்டேன்.

ஜூன் 12, இரவு 8:40

மேஜைக்கடியில்தான் இருந்ததாம்.

ஜூன் 28, இரவு 10:10

குற்றாலத்தில் சீசன். சாரல் நன்றாக விழுகிறது, லாட்ஜுகள் நிரம்பி வழிகின்றன. ஒரு லாட்ஜின் லாகில் %எஸ்டபிள்யூ_மேட்எம்-4-மேக்ஃப்ளாப்_நோட்டிஃப் குவிந்து கிடக்கிறது, லூப் என்று பயந்துபோய்க் கூப்பிட்டார்கள்.

இந்த வரி சொல்வது: இன்ன மேக் முகவரி (ஒவ்வொரு கருவிக்கும் உள்ள அடையாள எண்), இன்ன விலானில், போர்ட் 3க்கும் போர்ட் 7க்கும் மாறி மாறித் தெரிகிறது. லூப் என்றால் பல மேக்குகள் சேர்ந்து, வினாடிக்கு வினாடி, நிற்காமல் தாவும். கேட்வேயின் (வெளியே போக வழிவிடும் ரவுட்டரின்) மேக்கும் அந்தக் கூட்டத்தில் இருக்கும். இங்கே அப்படி இல்லை. ஒரு மேக் இரண்டு மூன்று தரம் தாவிவிட்டு அமைதியாகிவிடுகிறது, அப்புறம் வேறொரு மேக். போர்ட் 3இல் கீழ்மாடி ஆக்சஸ் பாயின்ட், போர்ட் 7இல் மேல்மாடி. போனைப் பிடித்துக்கொண்டு படியேறுகிறவர்கள்தான் அத்தனையும். காலையிலும் சாயங்காலமும் அருவிக்குப் போய் வருகிற நேரத்தில் கூடுகிறது, நடுராத்திரி ஒன்றும் இல்லை. நேரத்தைப் பார்த்தாலே பாதி விடை வந்துவிடும்.

இந்த வரியை அடைத்துவிடலாமா என்றார்கள். வேண்டாம் என்றேன். நிஜமான லூப் வந்தால் முதலில் கத்துவது இதுதான்.

ஜூலை 15, மதியம் 12:30

லாகில் வராத விஷயம் ஒன்றைப் பற்றி நீளமாகவே எழுத வேண்டியிருக்கிறது.

ஆடிக் காற்றும் சாரலும் சேர்ந்தால் ஆரியங்காவுக் கணவாய் வழியாக ஈரம் வந்துகொண்டேயிருக்கிறது. வெளியே சுவரில் மாட்டிய ஜங்ஷன் பாக்ஸில் ஆர்ஜே45 முள் பச்சை பிடிக்கும். லிங்க் விழாது. போர்ட் அப்பிலேயே இருக்கும், பாக்கெட் மட்டும் நசுங்கிப் போகும். பாக்கெட் நசுங்கி வந்ததைக் காட்டும் சிஆர்சி எரர் ஒவ்வொன்றுக்கும் சுவிட்ச் லாக் எழுதாது. அது கவுண்ட்டரில் மட்டும் ஏறும், 'ஷோ இன்டர்ஃபேசஸ்' அடித்தால்தான் தெரியும். லாக் சுத்தம், நெட்வொர்க் நொண்டுகிறது. ஒரு கிளினிக்கில் இப்படி எக்ஸ்ரே படம் அனுப்ப நேரமாகிறது என்று சர்வரை மாற்றும் அளவுக்குப் பேச்சு போய்விட்டது. கவுண்ட்டரை 'கிளியர் கவுண்ட்டர்ஸ்' செய்துவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் சிஆர்சி ஏறிக்கொண்டே இருக்கிறது. முனையை நறுக்கிப் புதிதாக க்ரிம்ப் செய்து, பாக்ஸைக் கவிழ்த்து, கேபிள் கீழிருந்து மேலே ஏறுகிற மாதிரி மாட்டினோம்.

ஜிகாபிட் போக நான்கு ஜோடியும் வேண்டும். அதில் ஒரு ஜோடி போனால், சில சுவிட்சுகள் தானாக 100க்கு இறங்கி லிங்கை மேலே வைத்திருக்கும். வெப் பேஜில் திறக்கிற சின்ன மேனேஜ்டு சுவிட்சுகளில் லிங்க் அப் வரியிலேயே வேகம் எழுதியிருப்பதைப் பார்த்திருக்கிறேன், இந்த விஷயத்தில் அவை நல்லவை. சிஸ்கோ சுவிட்சில் ஓடும் ஐஓஎஸ்ஸின் லிங்க் வரியில் வேகம் இருக்காது. எஸ்என்எம்பியில் வேகத்தையும் எரர் கவுண்ட்டரையும் எடுத்து வரைபடமாகப் போட்டால் சாரல் காலம் தனியாகத் தெரியும்.

ஜூலை 16, காலை 7:00

சின்ன சுவிட்ச் என்றதும் நினைவு வந்தது. அவற்றில் லாக் இரண்டு இடத்தில் இருக்கும், ராம் ஒன்று, ஃப்ளாஷ் ஒன்று. ஃப்ளாஷில் எழுத டீஃபால்ட்டில் கடுமையான லெவல்களை மட்டும் விடுவார்கள், அடிக்கடி எழுதினால் ஃப்ளாஷ் தேயும் என்பதால். அதை 6க்கு மாற்றாதீர்கள். வெளியே அனுப்புவதை 6ஆக வையுங்கள், ஃப்ளாஷை இருக்கிறபடி விடுங்கள்.

ஆகஸ்ட் 3, இரவு 9:50

எத்தனை நாள் லாகை வைத்திருக்க வேண்டும் என்று கேட்டவருக்கு: 2022 ஏப்ரல் 28இல் மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் போட்ட உத்தரவில் 180 நாள் என்று இருக்கிறது. லாக் இந்திய எல்லைக்குள் இருக்க வேண்டும் என்றும், நேரத்தை என்ஐசி (தேசியத் தகவலியல் மையம்) அல்லது என்பிஎல் (தேசிய இயற்பியல் ஆய்வகம்) என்டிபி சர்வரோடு, இல்லாவிட்டால் அவற்றோடு ஒத்துப்போகிற சர்வரோடு ஒட்ட வேண்டும் என்றும் சொல்கிறது. கம்பெனிகளும் அரசு அலுவலகங்களும் இதற்குள் வரும். அதனால் நான் எங்கே வேலை செய்தாலும் என்ஐசியின் சமய்1, சமய்2 என்டிபி சர்வர் இரண்டையும் போட்டுவிடுகிறேன்.

சுவிட்ச் லாக் வெறும் எழுத்து. தினம் ஒரு ஃபைலாக உடைத்து ஜிஜிப் செய்து வைத்தால் 180 நாள் என்பது பழைய பிசிக்கே பாரமில்லை. கலெக்டரில் லாகை வாங்கும் மென்பொருளான ஆர்சிஸ்லாகில் சுவிட்சின் ஐபி பெயரில் ஒரு ஃபோல்டர், உள்ளே தேதி பெயரில் ஃபைல். ஒவ்வொரு வரியிலும் சுவிட்ச் சொன்ன நேரத்தோடு கலெக்டருக்கு வந்து சேர்ந்த நேரத்தையும் எழுத வையுங்கள். பழைய சிஸ்லாக் வடிவத்தில், 2001இல் ஆர்எஃப்சி (இணைய முறைகளுக்கான ஆவணம்) 3164ஆக எழுதி வைத்ததில், வருஷமும் டைம்ஸோனும் கிடையாது. 2009இன் ஆர்எஃப்சி 5424இல் இரண்டும் உண்டு, ஆனால் நம் கையில் இருக்கிற பெட்டிகளில் பல இன்னும் பழையதைத்தான் பேசுகின்றன. வந்து சேர்ந்த நேரம் இருந்தால் மார்ச் 1 வரிகளையும் சரியான இடத்தில் பொருத்திவிடலாம்.

ஆகஸ்ட் 4, காலை 6:40

வருகிறதா இல்லையா என்று சந்தேகம் வந்தால் கலெக்டரில், வருகிற பாக்கெட்டைக் காட்டும் டிசிபிடம்ப் ஓடவிட்டு யூடிபி 514ஐப் பாருங்கள். ஒவ்வொரு பாக்கெட்டின் தலையிலும் <189> மாதிரி ஒரு எண் இருக்கும். ஃபெசிலிட்டியை (லாக் எந்த வகை என்று சொல்லும் எண்ணை) எட்டால் பெருக்கி லெவலைக் கூட்டினது. சிஸ்கோ டீஃபால்ட்டான லோக்கல்7க்கு எண் 23. 23 × 8 = 184, அதோடு 5 சேர்ந்தால் 189, நோட்டிஸ். <187> என்றால் எரர், <190> என்றால் இன்ஃபர்மேஷனல். <189>, <190> கண்ணிலேயே படாவிட்டால் அந்தச் சுவிட்சில் யாரோ லெவலை 4இல் நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

யூடிபி சிஸ்லாகில் ரகசியமும் இல்லை, அனுப்பியவர் யார் என்ற உறுதியும் இல்லை. மேனேஜ்மென்ட் விலானுக்குள் மட்டும் ஓட விடுங்கள். டிஎல்எஸ் (பூட்டி அனுப்புகிற முறை) பேசுகிற பெட்டியாக இருந்தால் 514க்குப் பதில் 6514.

செப்டம்பர் 9, இரவு 10:00

புனலூர் ஆபீசில் ஒரு போர்ட்டின் விலான் மாறியிருந்தது. யார் செய்தது என்று இரண்டு ஊருக்கும் நடுவில் மனஸ்தாபம் ஆகிவிட்டது. %சிஸ்-5-கான்ஃபிக்_ஐ வரி இருந்தது, ஆனால் எல்லோரும் ஒரே 'அட்மின்' பெயரில் நுழைவதால் ஆள் தெரியவில்லை, என்ன மாற்றினார்கள் என்றும் தெரியவில்லை.

'ஆர்க்கைவ்' உள்ளே 'லாக் கான்ஃபிக்', அதில் 'லாகிங் எனேபிள்', 'நோட்டிஃபை சிஸ்லாக்', 'ஹைட்கீஸ்'. அடித்த ஒவ்வொரு கட்டளையும் அடித்தவர் பெயரோடு %பார்சர்-5-சிஎஃப்ஜிலாக்_லாக்டுசிஎம்டி என்று வரும். ஹைட்கீஸை விட்டுவிடாதீர்கள், அது இல்லாவிட்டால் பாஸ்வேர்டும் லாகில் ஏறிவிடும். அப்புறம் ஆளுக்கொரு யூசர்நேம். சேட்டனும் ஒத்துக்கொண்டார். யாரையும் மாட்டிவிட இது இல்லை. அடுத்த தரம் போனில் 'நீதானே செய்தாய்' என்று ஆரம்பிக்க வேண்டியதில்லை, நேராக வேலைக்குப் போகலாம்.

அக்டோபர் 21, இரவு 9:15

துலா மாத மழை. மத்தியானம் வரை வெயில், மூன்று மணிக்கு மேல் மேற்கே இருட்டி இடி. நேற்று புனலூர் யார்டில் விழுந்தது.

லாகில் இடி எப்படி இருக்கும் என்று பாருங்கள். 15:42:07இல் போர்ட் 5, 6, 9, 11 டவுன். நான்கும் ஒரே வினாடி, மில்லிசெகண்டில்தான் வித்தியாசம். எம்செக் போட்டு வைத்ததன் பலன் இங்கே. 5ம் 9ம் சில வினாடியில் மேலே வந்துவிட்டன. 6ம் 11ம் வரவே இல்லை, அதற்குப் பதில் %ஐஎல்பவர்-3-கன்ட்ரோலர்_போர்ட்_எர் என்று பிஓஇ பக்கத்துப் புலம்பல். கரண்ட் போயிருந்தால் எல்லாப் போர்ட்டும் போயிருக்கும், வரிசை எண்ணும் ஒன்றில் இருந்து ஆரம்பித்திருக்கும். அது 002300 சொச்சத்தில் ஓடிக்கொண்டே இருக்கிறது.

நான்கு போர்ட்டுக்கும் பொதுவானது என்ன என்று கேபிள் வரைபடத்தை எடுத்தால், நான்கும் யார்டு கம்பத்துக் கேமராக்கள், செம்புக் கேபிள், ஒரே குழாயில் போகிறது. ஆபீசுக்குள் இருக்கிற எதற்கும் ஒரு கீறலும் இல்லை.

பிஓஇ போன போர்ட்டில் வெறும் டேட்டா ஓடுமா என்று கேட்டார் சேட்டன். ஓடலாம், ஆனால் நான் அதை நம்பிக் கொடுக்க மாட்டேன். அந்த இரண்டு போர்ட்டையும் ஷட் செய்து, டிஸ்கிரிப்ஷனில் தேதியோடு 'இடி' என்று எழுதி வைத்தோம்.

அக்டோபர் 22, காலை 7:30

சர்ஜ் ப்ரொடெக்டர் போட்டால் போதாதா என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். எர்த் ஒழுங்காக இருந்தால் ஓரளவு காப்பாற்றும். எர்த் கம்பியை ஜன்னல் கிராதியில் கட்டி வைத்திருந்தால் காசு தண்டம். என் முடிவு: கட்டடத்தை விட்டு வெளியே போகிற எதுவும் செம்பில் போகக் கூடாது. யார்டில் கம்பத்துப் பக்கத்தில் ஒரு சின்ன பிஓஇ சுவிட்ச், அதுவரை ஃபைபர். ஃபைபருக்குள் இரும்பு ஆர்மர் இருந்தால் அதையும் உள்ளே இழுத்துக்கொண்டு வராதீர்கள், வெளியிலேயே வெட்டி எர்த் செய்யுங்கள். இடி விழுந்தால் அந்தச் சின்னப் பெட்டி மட்டும் போகும்.

அந்தச் சின்ன சுவிட்சுக்கும் என்டிபி, ஐஎஸ்டி, லெவல் 6, இரண்டு லாகிங் ஹோஸ்ட். வெள்ளிக்கிழமை சேட்டன் ஃபைபர் இழுக்க ஆள் கூட்டி வருகிறார். நான் இங்கிருந்து காலை ரயிலில் போகிறேன்.